கிணற்று நீரும் நீல விளக்கும்

2025 சித்திரைப் புத்தாண்டுக்கு வலிகாமத்தில் உள்ள அக்காவின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். வெயிலில் களைத்து வந்தவனுக்கு வழமைபோலச் செம்பில் தண்ணீர் வந்தது. ஆனால், கொதித்தாறிய தண்ணீருக்குரிய அந்தச் சப்பென்ற சுவை அதில் இருக்கவில்லை. கேட்டபோது அக்கா பெருமையுடன் குசினிக்குள் அழைத்துச் சென்று காட்டினார். தண்ணீர்க் குழாய்க்கு மேலே, சுவரில், ஒரு முழ நீளமான உருக்குக் குழாய் பூட்டப்பட்டிருந்தது. அதன் ஒரு முனையில் நீல நிறத்தில் சிறு வெளிச்சம்.

"தம்பி, இனித் தண்ணி கொதிக்க வைக்கிற வேலை இல்லை. மோன் கனடாவிலையிருந்து காசு அனுப்பிப் பூட்டுவிச்சவன். ஒரு வருசமாகுது. உந்த வெளிச்சம் கிருமி எல்லாத்தையும் கொண்டுபோடுமாம்."

"தண்ணியைச் சோதிச்சுப் பார்த்தனீங்களே, அக்கா?"

"உதென்ன கதை? இது அப்பு வெட்டின கிணறு. ஊரிலேயே இதைப்போல நல்ல தண்ணி இல்லை எண்டு உனக்குத் தெரியாதே?"

தெரியும். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தே நானும் வளர்ந்தேன். ஆனால், அன்று என் கண்ணில் பட்டது வேறொன்று. அக்காவின் மகள் தனது நான்கு மாதக் குழந்தைக்குப் பால்மா கரைத்துக்கொண்டிருந்தார். அதற்கான தண்ணீரும் அந்த நீல விளக்கின் கீழிருந்தே வந்தது. முன்னரெல்லாம் கேத்திலில் கொதிக்கவைத்து ஆறவிட்ட நீரையே குழந்தைகளுக்குக் கொடுப்பது எமது வீடுகளின் வழக்கம். அந்த வழக்கத்தை ஓர் இயந்திரம் மீதான நம்பிக்கை ஒரே வருடத்தில் அகற்றிவிட்டிருந்தது.

ஊரில் அறிமுகமான ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் உதவியுடன், கிணற்றில் இருந்தும் இயந்திரத்தின் வாயில் இருந்தும் தனித்தனியாக நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். கிணற்று நீரில் மலத்தில் இருந்து வரும் ஈகோலை பக்டீரியா இருந்தது. அது எவருக்கும் வியப்பளிக்கவில்லை. இயந்திரத்தைக் கடந்து வந்த நீரிலும் அது ஓரளவு எஞ்சியிருந்தது. நைத்திரேற்றின் அளவோ இரு மாதிரிகளிலும் ஒன்றாகவே, உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையைத் தாண்டி நின்றது. இயந்திரத்தைத் திறந்து பார்த்தபோது உள்ளே விளக்கைச் சுற்றியிருக்கும் கண்ணாடி உறை, பழைய கேத்திலின் அடிப்புறம் போல வெள்ளை பூத்துக் கிடந்தது. விளக்கு மாத்திரம் ஒரு குறையும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

நான் விஞ்ஞானியல்லன். கலைப்பிரிவில் பட்டம் பெற்றுப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன். ஆனால், அன்று தொடக்கம் இந்த விவகாரத்தைப் பற்றித் தேடிப் படித்தும் விடயம் தெரிந்தவர்களிடம் கேட்டும் வந்திருக்கிறேன். புலம்பெயர்ந்து வாழும் பிள்ளைகள் ஊரில் உள்ள பெற்றோருக்கும், பழைய மாணவர் சங்கங்கள் தமது பாடசாலைகளுக்கும் இத்தகைய சாதனங்களை அன்பளிப்புச் செய்வது பெருகிவரும் இன்றைய நிலையில், அறிந்துகொண்டதைப் பகிர்ந்துகொள்வது கடமை என்று கருதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடவேண்டும். புறஊதா ஒளியைக் கொண்டு நீரைச் சுத்திகரிப்பது வியாபாரிகளின் கண்கட்டு வித்தை அல்ல. ஊதா கடந்த கதிர் என்றும் கழியூதாக் கதிர் என்றும் நாம் பாடசாலையில் படித்த அதே கதிர்தான் இது. சூரிய ஒளி பக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பதை 1877 இல் டவுன்ஸ், பிளண்ட் என்ற இரு ஆங்கிலேயர்கள் பரிசோதனை மூலம் காட்டினர். தோலைத் தாக்கும் ஒருவகைக் காசநோயை ஒளியினால் குணப்படுத்தியமைக்காக டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1910 இல் பிரான்ஸின் மார்செய் நகரில் குடிநீரைச் சுத்திகரிக்க இந்த விளக்குகள் பயன்படுத்தப்பட்டன. எனினும், அக்கால விளக்குகள் நீடித்து உழைக்கவில்லை. குளோரீன் மலிவாகக் கிடைத்தது. ஒளி பின்தள்ளப்பட்டு, இருபதாம் நூற்றாண்டு குளோரீனின் நூற்றாண்டாகியது.

நிலைமையை மாற்றியது அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் 1993 இல் நடந்த அனர்த்தம் எனலாம். குளோரீனுக்குச் சாகாத கிரிப்ரோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அந்த நகரின் குழாய் நீரில் கலந்து சுமார் 4 இலட்சம் பேரை நோயில் வீழ்த்தியது. அந்த ஒட்டுண்ணியைச் சிறிதளவு புறஊதாக் கதிரே செயலிழக்கச் செய்துவிடும் என்பது 1990 களின் இறுதியில் தெரியவந்தது. அதன் பின்னர் பெரு நகரங்கள் இந்த ஒளியின் பக்கம் திரும்பின. நியூயோர்க் நகரம் உலகின் மிகப்பெரிய புறஊதாச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஒன்றை 2013 இல் இயங்கச் செய்தது.

அது செயற்படும் முறை எளிமையானது. பாதரச ஆவி விளக்கு ஒன்று 254 நனோமீற்றர் அலைநீளமுள்ள கதிரை வெளியிடுகிறது. அந்தக் கதிர் கிருமியின் உடலுக்குள் புகுந்து அதன் மரபணுவை முடிச்சுப் போட்டுவிடுகிறது. மரபணுவைப் படியெடுக்க முடியாத கிருமியினால் பெருக முடியாது. பெருக முடியாத கிருமியினால் நோயை ஏற்படுத்த முடியாது. இதில் மருந்து இல்லை, மணம் இல்லை, சுவை மாற்றம் இல்லை. கிணற்றுக்குக் குளோரீன் போட வரும் சுகாதார உத்தியோகத்தரைப் படலையிலேயே மறித்து "மணக்கும், வேண்டாம்" என்று திருப்பி அனுப்பும் எமது சனங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால், இந்த வித்தை பலிப்பதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 40 மில்லியூல் என்ற அளவில் கதிர் நீருக்குள் சென்றடைய வேண்டும் என்பது வீட்டுச் சாதனங்களுக்குப் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகோல். நீர் கலங்கலாக இருந்தால் தூசியின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும். நீர் வேகமாக ஓடினால் கதிர் படும் நேரம் குறையும். ஒரு விளக்கின் பயனுள்ள ஆயுள் சுமார் 9,000 மணித்தியாலங்கள், அதாவது ஏறக்குறைய ஒரு வருடம். அதற்குப் பிறகும் அது எரியும். எரிகிறது என்பதற்காக அது வேலை செய்கிறது என்று அர்த்தமல்ல. ஏனென்றால், எமது கண்ணுக்குத் தெரியும் அந்த நீல வெளிச்சம் கிருமியைக் கொல்வதில்லை. கொல்வது கண்ணுக்குத் தெரியாத கதிர். அக்கா ஒவ்வொரு நாளும் பார்த்து நிம்மதியடைந்த வெளிச்சம் அவருக்கு எதற்கும் உத்தரவாதம் தரவில்லை.

யாழ்ப்பாணத்தில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. எமது குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மீது அமர்ந்திருக்கிறது. வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்று கூட எமக்கு இல்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்பு நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. அதுதான் எமது நன்னீர். சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருவதனால் அது வன்னீர். சவர்க்காரம் நுரைக்காததும் கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு ஏறுவதும் அதனாலேயே. லீற்றருக்கு 120 மில்லிகிராமுக்கு மேற்பட்ட வன்மை இருந்தால் முதலில் நீரை மென்மையாக்கும் சாதனம் ஒன்றைப் பூட்டவேண்டும் என்பது இந்த இயந்திரங்களைத் தயாரிப்பவர்கள் வழமையாகத் தரும் அறிவுறுத்தல். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றின் நீர் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். அக்காவின் வீட்டுக்கு இயந்திரத்தை விற்றவர்கள் நீரின் வன்மையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணாடி உறையை எப்போது துடைக்கவேண்டும் என்பதையும் சொல்லவில்லை.

இத்தகைய நீரை மனதில் கொண்டு சிந்தித்தவர்கள் இல்லாமலில்லை. 1992–93 காலத்தில் வங்காள விரிகுடாவின் கரைகளில் புதியவகை வாந்திபேதி பரவி ஆயிரக்கணக்கானோரைப் பலியெடுத்தபோது, அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் பணியாற்றிய மும்பாயைச் சேர்ந்த பௌதிகவியலாளர் அசோக் கட்கில், கிராமங்களுக்கு உகந்த புறஊதாச் சாதனம் ஒன்றை வடிவமைத்தார். அதில் விளக்கு நீருக்குள் மூழ்கியிருப்பதில்லை. நீர் தன்பாட்டில் ஓடும் தட்டுக்கு மேலே காற்றில் தொங்குகிறது. எனவே, கண்ணாடியில் படிவு ஏறும் பிரச்சினை அங்கு இல்லை. நிமிடத்துக்குச் சுமார் 15 லீற்றர் நீரை அது சுத்திகரித்தது. வீட்டுக்கு ஒன்றாக அல்லாமல், ஊருக்கு ஒன்றாக, பராமரிக்க ஒருவரை வைத்து இயக்குவதற்காகவே அது உருவாக்கப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும்.

படிவைத் துடைக்கலாம், விளக்கை மாற்றலாம். ஆனால், துடைத்தாலும் மாற்றினாலும் தீராத பிரச்சினை ஒன்று உண்டு. புறஊதாக் கதிர் உயிருள்ளதை மாத்திரமே கொல்லும். எமது கிணறுகளில் கலந்திருக்கும் நஞ்சுகளில் பல உயிரற்றவை.

நைத்திரேற்றை எடுத்துக்கொள்வோம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் கொட்டப்படும் யூரியாவில் இருந்தும், மலக்குழிகளில் இருந்தும் அது நிலத்தடி நீருக்குச் செல்கிறது. தீவிர விவசாயம் நடைபெறும் வலிகாமத்தின் பகுதிகளில் கிணற்று நீரில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதை 1980 களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளை மனதில் வைத்தே அந்த எல்லை வகுக்கப்பட்டது. நைத்திரேற்று மிகுந்த நீரில் கரைத்த பால்மாவைக் குடிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கலாம். உதடும் நகமும் நீலம் பாய்வதனால் அதை நீலக்குழந்தை நோய் என்பார்கள். புறஊதா விளக்கு நைத்திரேற்றைத் தொடாது. கொதிக்கவைத்தாலும் பயனில்லை. நீர் ஆவியாகிக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். அக்காவின் பேத்திக்கு எதுவும் நேரவில்லை என்பது எமது அதிர்ஷ்டம். அறிக்கை வந்த அன்றே அந்தத் தண்ணீரில் பால் கரைப்பது நிறுத்தப்பட்டது.

எண்ணெயின் கதை அனைவரும் அறிந்ததே. சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் கழிவு எண்ணெய் மிதந்த விவகாரம் 2014–15 காலத்தில் வீதிப் போராட்டங்களாக வெடித்து, நீதிமன்றப் படியேறி, 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளிக்கும் வரை சென்றது. எண்ணெய் கலந்த நீரில் எந்த விளக்கும் பயன் தராது. உவர்ப்பாகிப்போன கிணறுகளின் நிலையும் அதுவே. மோட்டர் வைத்து மிதமிஞ்சி இறைக்கும்போது கீழேயிருந்து மேலெழும் உப்பை எந்தக் கதிரும் திருப்பி அனுப்பாது. ஆர்.ஓ. என்று அழைக்கப்படும் சவ்வூடு வடிகட்டும் இயந்திரங்கள் நைத்திரேற்றையும் உப்பையும் அகற்றும் என்பது உண்மை. ஆனால், அவை நீரில் ஒரு பங்கைக் கழிவாக வெளியேற்றுகின்றன. தண்ணீருக்கு மழையை மாத்திரம் நம்பியிருக்கும் மண்ணில் அதை யோசித்தே செய்யவேண்டும்.

இனி, எஞ்சுவது உயிருள்ள கிருமி. அது எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியை எம்மில் பலர் கேட்க விரும்புவதில்லை. ஏனெனில், பதில் எமது வளவுக்குள்ளேயே இருக்கிறது.

முன்னைய நாட்களில் யாழ்ப்பாணத்து வளவு பெரியது. கிணறு ஒரு மூலையிலும் மலசலகூடம் மறு மூலையிலும் இருந்தன. பிறகு சீதனத்துக்கென்று வளவு இரண்டாகப் பிரிந்தது, நான்காகப் பிரிந்தது. போருக்குப் பின்னர் வெளிநாட்டுக் காசில் எழுந்த வீடுகளில் அறைக்கு ஒரு குளியலறை. ஒவ்வொரு துண்டுக் காணியிலும் ஒரு கிணறு, ஒரு மலக்குழி. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும் என்று சுகாதாரப் பகுதியினர் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில் அந்த 50 அடியும் போதுமென்று சொல்வதற்கில்லை. மணல் வடிகட்டும், கல் வெடிப்பு வடிகட்டாது. நிலாவரைக் கிணற்றின் ஆழத்தைப் பற்றி ஆயிரம் கதை சொல்லும் எமக்கு, எமது காலடியில் நீர் எப்படி ஓடுகிறது என்பதை எவரும் விளக்கவேண்டிய தேவை இல்லை. அக்காவின் வீட்டில் கிணற்றுக்கும் அவர்களது சொந்தக் குழிக்கும் இடையே 40 அடி இருந்தது. அளந்து பார்த்தபோது, மதிலுக்கு அப்பால் அயல்வீட்டுக்காரர் புதிதாக வெட்டிய குழி 25 அடியில் இருந்தது.

எமது காணி உறுதிகளில் ஒரு வாசகம் தவறாமல் இருக்கும். காணியின் எல்லைகளைச் சொல்லிவிட்டு, கிணற்றில் இன்ன பங்கும் வழி வாய்க்காலும் என்று எழுதுவார்கள். பங்குக் கிணறு என்பது எமது முன்னோர் கண்ட ஏற்பாடு. ஒருவர் கிணற்றைப் பழுதாக்கினால் மற்றப் பங்காளிகள் கேட்பார்கள். இன்று ஆளுக்கொரு கிணறு இருப்பதனால் கேட்பதற்கு ஆளில்லை. ஆனால், நிலத்துக்கு அடியில் எல்லாம் இன்னமும் பங்குக் கிணறுதான். அங்கே மதில் இல்லை. இந்த உண்மையை நீல விளக்கு மறைத்துவிடுகிறது என்பதுதான் எனது பிரதான விசனம். என் குசினிக்குள் வரும் ஒரு செம்புத் தண்ணீர் சுத்தமாகிவிட்டால், அயலவரின் குழியைப் பற்றியும் தோட்டக்காரரின் உரத்தைப் பற்றியும் நான் ஏன் கவலைப்படவேண்டும் என்ற மனநிலையை அது வளர்க்கிறது. காசுள்ள வீட்டுக்கு விளக்கு, காசில்லாத வீட்டுக்கு நெருப்புக்காய்ச்சல் என்ற நிலை நியாயமானதல்ல.

இயந்திரத்தின் மீது கண்மூடி நம்பிக்கை வைப்பதன் விளைவை அறிய, அந்த இயந்திரத்துக்குக் காசு அனுப்பிய என் மருமகன் வாழும் மாகாணத்தையே உதாரணமாகக் கூறலாம். ஒன்ராறியோவில் வோக்கர்ட்டன் என்றொரு சிறிய ஊர். 2000 மே மாதம் அங்கு கடும் மழை பெய்தது. மாட்டு எரு கழுவப்பட்டு, வெடிப்புகள் நிறைந்த பாறையின் ஊடாக ஊருக்கு நீர் வழங்கும் ஆழமற்ற கிணறு ஒன்றுக்குள் இறங்கியது. சுமார் 5,000 பேர் வாழ்ந்த ஊரில் 2,300 பேர் வரை நோயுற்றனர். 7 பேர் மாண்டனர். அந்தக் கிணற்றுக்குக் குளோரீன் கலக்கும் சாதனம் இல்லாமல் இருக்கவில்லை. ஆனால், நீரில் போதியளவு குளோரீன் எஞ்சியிருக்கிறதா என்று நாள்தோறும் அளக்கவேண்டியவர்கள் அளக்காமலேயே அளந்ததாகப் பதிவேட்டில் எழுதிவந்தனர் என்பதை நீதியரசர் டெனிஸ் ஓகொனரின் விசாரணை வெளிக்கொண்டுவந்தது. செல்வந்த நாடு, சட்டம் உள்ள நாடு, சாதனம் உள்ள கிணறு. இருந்தும், பார்த்துக்கொள்ளவேண்டியவர் பார்க்காதபோது உயிர்கள் போயின. இன்று அந்த மாகாணத்தின் கிராமப்புற வீடுகளில் கிணற்று நீருக்குப் புறஊதாச் சாதனம் சாதாரணமாகிவிட்டது. ஆனால், அங்கு அதை விற்பவர் முதலில் கேட்பது நீரின் பரிசோதனை அறிக்கையை என்பதை மருமகனே விசாரித்துச் சொன்னார். "மாமா, இஞ்சை செய்யிறதை அங்கை ஏன் செய்யேல்லை எண்டு நான் யோசிக்கவேயில்லை" என்றார்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990 இல் இருந்து பல வருடங்கள் யாழ்ப்பாணம் மின்சாரமின்றி வாழ்ந்தது. அப்போது விறகடுப்பில் கொதிக்கவைத்த தண்ணீரே எமது பிள்ளைகளைக் காப்பாற்றியது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் ஒரு நாளில் 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். இவற்றையெல்லாம் விட முக்கியமானது வெள்ள காலம். 2008 நவம்பரில் நிஷா புயல் குடாநாட்டை மூழ்கடித்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் உலுக்கியபோதும் நடந்தது ஒன்றுதான். வெள்ளம் மலக்குழியையும் கிணற்றையும் ஒன்றாக்கியது, அதே நாட்களில் மின்சாரமும் நின்றது. கிணறு ஆகக் கூடுதலாக அசுத்தமாகும் நாளில்தான் விளக்கு எரியாது. எனவே, கேத்திலையும் அடுப்பையும் பரணில் ஏற்றிவிடவேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லவேண்டியிருக்கிறது. நீர் நன்றாகக் கொதித்து ஒரு நிமிடம் நின்றால் நோய்க்கிருமிகளுக்கு அது போதும். வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றை இறைத்துக் குளோரீன் இடுவதற்கு எந்த விளக்கும் மாற்றீடாகாது. புறஊதா ஒளி தன்னைக் கடந்து சென்ற நீரைப் பின்தொடர்ந்து காப்பாற்றுவதில்லை. சுத்தமான நீரை அழுக்கான குடத்தில் பிடித்தால் அது அழுக்கு நீரே. குளோரீனோ சில மணிநேரம் நீரிலேயே தங்கிக் காவல் நிற்கும்.

அப்படியானால், இந்த இயந்திரங்கள் வேண்டாமா? வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. விறகுக்கும் எரிவாயுவுக்கும் விலையேறியிருக்கும் காலத்தில், கொதிக்கவைக்க ஆளில்லாத முதியோர் வீடுகளிலும், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் குடிக்கும் பாடசாலைகளிலும் இது பெரும் உதவி. நான் கேட்பது ஒழுங்கு மாறக்கூடாது என்பதை மாத்திரமே.

முதலில் பரிசோதனை. காசு அனுப்புவதற்கு முன்னர் கிணற்று நீரின் அறிக்கையைக் கேளுங்கள். கிருமி, நைத்திரேற்று, வன்மை, உவர்ப்பு, கலங்கல் ஆகிய ஐந்தையும் பார்க்கவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகினால் வழி சொல்வார். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் ஆய்வுகூட வசதி இருக்கிறது. இயந்திரத்தின் விலையோடு ஒப்பிடும்போது பரிசோதனைச் செலவு அற்பமானது. நைத்திரேற்று மிகுந்திருந்தால் கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வேறு நீர் தேடவேண்டும். தாய்ப்பாலே சிறந்தது என்று மருத்துவர்கள் சொல்வதற்கு எமது மண்ணில் இது மேலுமொரு காரணம்.

இரண்டாவது, கிணறு. கட்டு வெடித்திருந்தால் பூசவேண்டும். கிணற்றைச் சுற்றிச் சீமெந்துத் தளமும் கழிவுநீர் விலகிச் செல்ல வாய்க்காலும் வேண்டும். மலக்குழி அடி திறந்ததாக இல்லாமல், அடியும் பக்கமும் அடைத்த தொட்டியாக இருக்கவேண்டும். நிரம்பும்போது பிரதேச சபையின் பௌசரைக் கூப்பிட்டு எடுப்பிக்கவேண்டும். இந்த விதிகளை வீடு கட்ட அனுமதி கொடுக்கும்போது காகிதத்தில் மாத்திரமல்லாமல் நிலத்திலும் பார்க்கவேண்டியது உள்ளூராட்சி சபைகளின் பொறுப்பு. 2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. அந்தக் குழாய் நீர் வந்து சேரும் வீடுகளிலும் கிணறு இருக்கும், அதை மக்கள் பாவிக்கவே செய்வார்கள். குழாய் வந்துவிட்டது என்பது கிணற்றைக் கைவிடுவதற்குக் காரணமாகிவிடக்கூடாது.

மூன்றாவதாகவே விளக்கு. அதைப் பூட்டும்போதும், முன்னால் வடிகட்டியும் தேவையானால் மென்மையாக்கும் சாதனமும் வேண்டும். மேல்நிலைத் தாங்கிக்குப் போகும் குழாயில் அல்லாமல், குடிநீர் பிடிக்கும் குழாயின் வாயில் பூட்டவேண்டும். கண்ணாடி உறையை எங்கள் நீருக்கு ஏற்ப மாதக்கணக்கில் துடைக்கவேண்டும். வருடத்துக்கு ஒரு முறை விளக்கை மாற்றவேண்டும். பாதரசம் இருப்பதனால் பழைய விளக்கைக் கிணற்றடியில் எறியக்கூடாது. பாடசாலைக்கு அன்பளிப்புச் செய்யும் சங்கங்கள் திறப்பு விழாவுக்கும் பெயர்ப்பலகைக்கும் செலவிடுவதில் ஒரு பகுதியை, அடுத்த ஐந்து வருடத்துக்கான விளக்குகளுக்கும் அவற்றைப் பார்த்துக்கொள்பவரின் சிறு கொடுப்பனவுக்கும் ஒதுக்கவேண்டும். அதைச் செய்ய முடியாவிட்டால் இயந்திரத்தைக் கொடுக்காமல் இருப்பதே மேல். ஏனென்றால், இயந்திரம் இல்லாத பாடசாலையில் பிள்ளை வீட்டில் இருந்து கொதித்தாறிய தண்ணீரைப் போத்தலில் கொண்டுவரும். வேலை செய்யாத இயந்திரம் உள்ள பாடசாலையில் நம்பிக் குடிக்கும்.

அக்காவின் வீட்டில் அந்த நீல விளக்கு இன்னமும் எரிகிறது. அதன் பக்கத்தில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. உறையைத் துடைத்த நாளை மகள் அதில் குறித்து வைக்கிறார். தங்கள் குழியை அடைத்த தொட்டியாக மாற்றிக் கட்டுவதற்கு மருமகன் காசு அனுப்பினார். வேலை முடிந்துவிட்டது. அயல்வீட்டுக்காரருடன் பேசுவதுதான் கடினமாக இருந்தது. மதில் எல்லைக்காக முன்பு ஏற்பட்ட மனஸ்தாபம் அவர்களிடையே இருந்தது. பரிசோதனை அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் போனோம். அவர்களது கிணற்றையும் சோதிக்கும்படி கேட்டுக்கொண்டோம். சோதித்தார்கள். அங்கும் அதே கிருமி. யாருடைய குழியில் இருந்து யாருடைய கிணற்றுக்கு என்று இனிப் பிரித்துச் சொல்ல முடியாது என்பதை இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டார்கள்.

இந்த மாரிக்கு முன்னர் அவர்களும் குழியை மாற்றிக் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் கொஞ்சம் காசு குறைகிறது. கனடாவில் உள்ள தங்கள் மகனிடம் இயந்திரம் ஒன்று கேட்டிருந்தார்களாம். இயந்திரம் பிறகு பார்க்கலாம், முதலில் குழிக்கு அனுப்பச் சொல்லுங்கள் என்று அக்காவே அவர்களுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.